எல்லையோர நகராட்சி ஒன்றுக்கு எந்த நூலகம் பொருந்தும்? மூன்று யோசனைகளின் ஒப்பீடு

குழித்துறை, பத்மநாபபுரம், கொல்லங்கோடு, செங்கோட்டை ஆகிய நகராட்சிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு முகம் கொண்டவை என்றாலும், அவற்றின் நூலக வரலாறு ஏறக்குறைய ஒன்றே. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த இந்தப் பகுதிகள், மொழிவழி மாநிலச் சீரமைப்பில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதனால் இங்கே இரண்டு மரபுகள் அருகருகே நிற்கின்றன. ஊரார் சங்கம் வைத்து, சந்தா பிரித்து, தானமாகக் கிடைத்த நாலு சென்ட் நிலத்தில் ஓடு வேய்ந்து நடத்திய வாசகசாலை ஒன்று. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் அரசுக் கிளை நூலகம் மற்றொன்று. முன்னதற்குக் கட்டடம் இருக்கும், ஆள் இருக்காது. பின்னதற்கு ஆள் இருப்பார், போதிய இடம் இருக்காது.

இப்படிப்பட்ட ஒரு நகரத்தில் நூலகத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்க நகர்மன்றம் முன்வந்தால், மூன்று யோசனைகள் மேசைக்கு வருகின்றன. முதலாவது, தமிழ்நாட்டு நகரங்களில் அண்மை ஆண்டுகளில் எழுந்துவரும் ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ போன்ற ஒரு புதுக் கட்டடத்தை நகராட்சியே கட்டி நடத்துவது. இரண்டாவது, இருக்கும் கிளை நூலகத்தை விரிவாக்கி, நேரத்தையும் ஆளையும் கூட்டுவது. மூன்றாவது, எல்லைக்கு அப்பால் கேரளத்தில் நடப்பதுபோலப் பழைய வாசகசாலையை உறுப்பினர் சங்கத்தின் பொறுப்பில் உயிர்ப்பித்து, அதற்கு நகராட்சி மானியம் தருவது. குமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டாரத்து நகராட்சி ஒன்றை மனத்தில் வைத்து இம்மூன்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

சட்டப் பின்னணியைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த நூலக அறிவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனின் இடையறாத முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆகவே இன்று கேரளத்தில் இருக்கும் பாலக்காட்டுக்கும், ஆந்திரத்தில் இருக்கும் சித்தூருக்கும் சென்னைச் சட்டம் அப்போதே பொருந்தியது. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் விளவங்கோட்டுக்கோ அது 1956-க்குப் பிறகே வந்துசேர்ந்தது. இங்கே அதற்கு முன்பே வேறொரு வழி உருவாகியிருந்தது. 1945-இல் பி.என். பணிக்கரின் முயற்சியால் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை, அதாவது நூலகச் சங்கத்தை, தொடங்கின. அரசு நூலகம் வைத்துத் தரும் என்று காத்திராமல், ஊரார் வைத்த நூலகத்துக்கு அரசு உதவ வேண்டும் என்பதே அந்த வழி. கேரளம் 1989-இல் இயற்றிய சட்டமும் அதே வழியைத்தான் நிலைநிறுத்தியது: நூலகம் அதன் உறுப்பினர்களுடையது, மாநில நூலகக் கவுன்சில் அதற்கு இணைப்பும் தரநிலையும் மானியமும் தருகிறது. அந்த வகையில் மூன்றாவது யோசனை நமக்கு இறக்குமதிச் சரக்கு அன்று. இடையில் விட்டுப்போன சொந்தப் பழக்கம்.

பணத்தை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டில் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாகப் பிரிக்கப்படுகிறது. ஆந்திரத்தில் 8 காசு. கேரளத்தில் 5 காசு. ஒரு நகராட்சி ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் சொத்து வரி வசூலிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நூலக வரி இங்கே பத்து லட்சம், ஆந்திரத்தில் எட்டு லட்சம், கேரளத்தில் ஐந்து லட்சம். கணக்கு நமக்குச் சாதகமாகத் தோன்றும். ஆனால் இந்தப் பணம் அந்த நகரத்து நூலகத்துக்கு நேராகப் போவதில்லை. தமிழ்நாட்டில் அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சென்று, மாவட்டம் முழுமைக்கும் பங்கிடப்படுகிறது; அதுவும் உள்ளாட்சி அமைப்பு வசூலித்ததை உரிய காலத்தில் செலுத்தினால்தான். வசூலித்த நூலக வரியை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டு நிலுவை வைப்பது உள்ளாட்சிகளின் பழைய வழக்கம். நூலகத்துக்குத் தனித்தொகை ஒதுக்கப் புறப்படும் நகர்மன்றம், முதல் வேலையாகத் தன் நிலுவையைத் தீர்த்ததா என்று கேட்பது அநாகரிகம் ஆகாது. கேரளத்தில் வரி குறைவு என்றாலும், மாநிலக் கல்விச் செலவுத் திட்டத்தில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாத தொகை நூலகக் கவுன்சிலுக்குச் செல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்த ஏற்பாட்டினால்தான் அங்கே சிற்றூர் நூலகங்களும் ஆண்டுதோறும் புத்தகம் வாங்க முடிகிறது.

இன்னொரு வேறுபாடு நகர்மன்றக் கூட்டங்களில் பேசப்படாமலே போவது. திட்ட நிதி என்ற பெயரில் வரும் பணம் கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும் மட்டுமே செலவாகும். ஆள் சம்பளத்துக்கும் நாளிதழ்ச் சந்தாவுக்கும் மின் கட்டணத்துக்கும் ஆகாது. முதல் யோசனைக்கு நிதி எளிதாகக் கிடைப்பதும், மற்ற இரண்டுக்கும் கிடைக்காமல் இருப்பதும் இதனால்தான். கட்டடம் திறந்த மறுமாதம் தொடங்கும் செலவை யார் ஏற்பது என்பதற்குத் திட்ட அறிக்கையில் ஒரு வரிகூட இருக்காது. இதன் விளைவை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன, புத்தகங்களும் வந்தன. சிறு மதிப்பூதியத்தில் ஒருவரை அமர்த்தி நடத்தும் ஏற்பாடு தளர்ந்ததும் அவற்றில் பல பூட்டிக் கிடந்தன. சுவர் நன்றாக இருந்தது, பெயர்ப்பலகையும் இருந்தது. திறக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே என் ஒப்பீட்டில் அதிக எடை பெறுவது திறந்திருக்கும் நேரமே. ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கப் புகுந்த அவர் எடுத்துக்கொள்வன நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், தளவாடம், பணியாளர் ஆகியவை. நேரம் என்பது நிருவாகச் சில்லறை விஷயம் அன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்த வட்டாரத்தில் யாருக்கு எப்போது ஓய்வு என்று பார்த்தால் அரசு நேரப் பட்டியலின் பொருந்தாமை வெளிப்படும். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பவர். வெட்டி முடித்து, சிரட்டைகளில் வடிந்த பாலை எடுத்து, ஆசிட் சேர்த்து உறைய வைத்துக் கை கழுவும்போது முற்பகல் போய்விடும். அவர் நாளிதழைப் புரட்ட விரும்பும் நடுப்பகலில் கிளை நூலகத்தின் கதவு சாத்தியிருக்கிறது. முந்திரி ஆலைக்கு, அதாவது அண்டி ஆபீசுக்குப் போகும் பெண்களோ மாலையில் வீடு திரும்பிய பின் நூலகப் படியேற முடிவதில்லை. வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு இரவு ஒன்பது, பத்து மணிவரை வெளிச்சமும் அமைதியும் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குக் காலை ஏழு மணி. ஒரே ஒரு நூலகரை வைத்து இத்தனை பேருக்கும் திறந்து வைப்பது யாராலும் இயலாது. அவரைக் குறை சொல்வதும் நியாயம் ஆகாது. அவருக்கு வார விடுமுறையும் உண்டு, மாவட்ட அலுவலகக் கூட்டமும் உண்டு, அருகிலுள்ள இன்னொரு நூலகத்தின் கூடுதல் பொறுப்பும் பெரும்பாலும் உண்டு.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், அறிவுசார் மையம் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நன்றாக உதவும். இருக்கை, மின்விசிறி, கணினி, கழிப்பறை, குடிநீர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது சிறிய வசதி அன்று. வீட்டில் தனியறை இல்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் பால்வெட்டுக்காரரையும் அண்டி ஆபீஸ் பெண்ணையும் அது பெரும்பாலும் எட்டாது. கிளை நூலக விரிவாக்கம், இரண்டாவது பணியாளர் கிடைத்தால், நடுப்பகலைத் தீர்க்கும், இரவைத் தீர்க்காது. வாசகசாலை மாலையிலும் இரவிலும் இயல்பாகத் திறந்திருக்கும் இடம், ஏனெனில் அதை நடத்துபவர்களுக்கும் பகலில் வேலை இருக்கிறது.

பெண்களையும் முதியோரையும் பொறுத்தவரை, கட்டடத்தைப் பெரிதாக்குவதைவிடப் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்புவதே வழி. கேரள நூலகங்களில் பெண்களுக்கும் முதியோருக்கும் வீடு தேடிப் புத்தகம் கொடுக்கும் திட்டம் நெடுநாளாக இருக்கிறது. உள்ளூர்ப் பெண் ஒருவரே துணிப்பையில் புத்தகங்களோடு வீடு வீடாகப் போய், படித்ததை வாங்கிப் புதியதைத் தந்து பதிவேட்டில் குறித்துக்கொள்வார். தமிழ்நாட்டிலும் நூலக நண்பர்கள் என்ற பெயரில் தன்னார்வலர் வழியாகப் புத்தகம் அனுப்பும் திட்டம் வந்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால், சிறு தொகையாயினும் மதிப்பூதியம் பெறும் ஒருவர் வாரந்தோறும் வருவார் என்று நம்பலாம். தன்னார்வலர் தேர்வு நெருங்கினால் வரமாட்டார். நகராட்சி மாதந்தோறும் தரக்கூடிய மிகச் சிறிய, மிகப் பயனுள்ள தொகை இந்த மதிப்பூதியம்தான் என்பது என் கணிப்பு.

புத்தகத் தேர்வுக்கு வருவோம். தமிழ்நாட்டில் நூல் கொள்முதல் பெரும்பாலும் சென்னையிலுள்ள பொது நூலக இயக்ககத்தின் வழியாக நடந்து, படிகள் மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. பதிப்பாளர்களுக்கு இது வாழ்வாதாரம். தமிழ்ப் பதிப்புலகம் தாக்குப்பிடித்து நிற்பதில் இந்தக் கொள்முதலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் கட்டு வந்து பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று நூலகருக்கே தெரியாது. கேரளத்தில் மாவட்ட நூலகக் கவுன்சில்கள் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடத்துகின்றன. இணைப்புப் பெற்ற நூலகங்களின் நிருவாகிகள் மானியத் தொகையோடு அங்கே வந்து, தங்கள் வாசகர்களுக்கு வேண்டியதைத் தாங்களே பொறுக்கி எடுக்கிறார்கள். ஊரில் யார் எதைப் படிப்பார் என்று தெரிந்தவர் கையால் புத்தகம் வாங்கப்படுவதன் பயனைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

நம் வட்டாரத்தில் இது வெறும் ரசனைப் பிரச்சினை அன்று, மொழிப் பிரச்சினையும்கூட. வீட்டில் மலையாளமும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் விளவங்கோட்டில் ஏராளம். பழைய வாசகசாலைகளில் மலையாளப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் அரை நூற்றாண்டுக்கு முந்தியவை. இராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சியவை. கிளை நூலகத்தில் புதிய தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, மலையாளம் அரிது. இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் அரசு ஆணையிட்ட பிறகு, மலையாள வழியில் படித்த பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது தடித்த வழிகாட்டி நூல்கள் அல்ல. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்கள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு படிகள். மிகக் குறைந்த விலையில் தீரும் தேவை இது. ஆனால் உள்ளூரில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவர் இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் தீராது.

இதே நிலையை எல்லைக்கு அப்பாலுள்ள தமிழர்களும் வேறு கோணத்தில் சந்திக்கிறார்கள். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் தேவிகுளத்திலும் உள்ள தமிழ் வாசகர்கள், சங்க நூலகத்தில் உறுப்பினராகி, நிருவாகக் குழுவில் இடம் பெற்றால் தமிழ்ப் புத்தகம் வாங்கச் செய்ய முடியும். சட்டம் தடுக்காது, எண்ணிக்கைதான் வேண்டும். ஆந்திரத்தின் நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கு அந்த வழி குறுகலானது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட கிரந்தாலய சம்ஸ்தா, அதாவது மாவட்ட நூலக நிறுவனம், நிருவகிக்கும் அரசு அமைப்பு அங்கே. அதன் தலைவரை அரசே நியமிக்கிறது, கொள்முதலும் மாவட்ட அளவில் முடிகிறது. கிருஷ்ணா கால்வாயில் படகில் புத்தகம் அனுப்பிய பெருமைமிக்க இயக்கத்தைக் கண்ட மாநிலம் அது. மக்கள் இயக்கமாகத் தொடங்கியது அலுவலகமாக முடிந்ததற்கு அதுவே நல்ல எடுத்துக்காட்டு.

சங்க முறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிருவாகக் குழுத் தேர்தல் சூடுபிடித்தால் நூலகம் கட்சிக் கிளையாகவோ சாதிச் சங்கமாகவோ மாறிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. ஒரு தலைமுறை ஊக்கமாக நடத்தியதை அடுத்த தலைமுறை வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிப் போன பின் நடத்த ஆளின்றிப் போவதும் நம் கண்முன் நடந்ததுதான். கேரம் பலகையும் தொலைக்காட்சியும் முன்னறையைப் பிடித்துக்கொள்ள, புத்தக அலமாரி பின்னறைக்குத் தள்ளப்பட்ட வாசகசாலைகள் எத்தனையோ. மாறாக, கிளை நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்க யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எந்தச் சாதியானாலும், எந்தக் கட்சியானாலும் உறுப்பினர் அட்டை ஒன்றே. சிறு நகரத்தில் இதன் அருமையை அறிந்தவர்கள், அரசு நூலகத்தை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்தவனே.

கட்டடம் பற்றி ஒன்று மட்டும். குமரி மேற்கில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்கின்றன. ஆண்டில் பாதி நாள் சுவர் ஈரமாக இருக்கும் ஊரில், தட்டையான கான்கிரீட் கூரையும் திறக்க முடியாத கண்ணாடிச் சாளரமும் புத்தகத்துக்குப் பகை. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்காவிட்டால் இரண்டாம் மழைக்காலத்தில் பின்னட்டைகளில் பூஞ்சணம் ஏறிவிடும். சரிவான கூரையும் எதிரெதிர்ச் சாளரமும் கொண்ட பழைய வாசகசாலை இதில் புதுக் கட்டடத்தை வென்றுவிடுகிறது, கூரை ஓடுகளை மாற்றிக் கரையானுக்கு மருந்து வைத்தால். கணினிமயம் குறித்து அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை: கோஹா போன்ற கட்டணமில்லா நூலக மென்பொருளில் தமிழும் மலையாளமும் இரண்டையும் பதியலாம், மூன்று யோசனைகளில் எதை எடுத்தாலும் இது செய்யக்கூடியதே.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கையில், இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவருவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. வாசகசாலைச் சங்கம் தன் கட்டடத்தை வாடகையின்றி மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பயன்பாட்டுக்குத் தருவது. கிளை நூலகம் அங்கே குடிபெயர்வது. நூலகரின் பணிநேரத்துக்குப் பின்னும் நடுப்பகலிலும் வாசிப்புக்கூடத்தைச் சங்கம் நடத்துவது. மதிப்பூதியமும் நாளிதழ்ச் சந்தாவும் நகராட்சி தருவது. நன்கொடைக் கட்டடங்களில் அரசு நூலகம் இயங்குவது தமிழ்நாட்டில் புதிதன்று.

இந்த ஏற்பாடு வழக்கமாக எங்கே முறியும் என்பதும் தெரிந்ததே. கிளை நூலகத்தின் புத்தகங்கள் அரசின் உடைமை; இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும், சில வேளைகளில் கையிலிருந்து கட்டவும் வேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய், மாலையில் சாவியைச் சங்கத்துப் பையன்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டால் எந்த நூலகரும் இசைய மாட்டார், இசையவும் கூடாது. இதற்குத் தீர்வு நல்லெண்ணத்தில் இல்லை, கொத்தனார் வேலையில் இருக்கிறது. அலமாரி அறைக்கும் வாசிப்புக்கூடத்துக்கும் இடையே சுவரும் பூட்டும், தெருவிலிருந்து இரண்டு தனித்தனி வாசலும் வைத்தால் போதும். வாசிப்புக்கூடத்தில் இருப்பவை நாளிதழ்கள், வார இதழ்கள், தேர்வு நூல்கள், சங்கத்தின் சொந்த மலையாளச் சேர்க்கை. இவை சங்கத்தின் பதிவேட்டில் நிற்கும். இரவல் கொடுப்பது நூலகர் இருக்கும் நேரத்தில் மட்டும். நகர்மன்றம் ஒதுக்கும் கட்டடத் தொகையில் இந்தச் சுவரும் வாசலும் கூரைப் பழுதும் கழிப்பறையும் அடங்கிவிடும். மிச்சத்துக்குக் கொல்கத்தாவிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவியை மாநிலத் துறை வழியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் யோசனையே பொருந்தும் நகரங்களும் உண்டு. வாசகசாலைச் சங்கம் பெயரளவில்கூட இல்லாத இடம், அல்லது நிலத்தின்மேல் வாரிசு வழக்கு நடக்கும் இடம், அல்லது கல்லூரிகள் சூழ்ந்து தேர்வுக்குப் படிப்பவர் கூட்டம் மிகுந்த இடம் என்றால், அறிவுசார் மையத்தை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அங்கேயும் மையத்தை நகராட்சி ஒருபுறமும் கிளை நூலகத்தை நூலகத் துறை இன்னொருபுறமும் நடத்தி, ஒரே ஊரில் ஒன்றையொன்று அறியாத இரண்டு நூலகங்கள் இருக்கும்படி விடக்கூடாது.

கூட்டு ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் நகரம், திறப்பு விழாவுக்கு முன் உடன்படிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டியவை சில. கட்டடத்தின் உரிமை சங்கத்திடமே இருக்கும் என்பதும், குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு அதைத் திரும்பக் கேட்பதில்லை என்பதும் ஒருசேர எழுதப்பட வேண்டும். இரு வாசல்களுக்கும் தனித்தனி மின் இணைப்பு வேண்டும். இரவு விளக்கின் கட்டணத்தை நூலகத் துறை ஏற்காது. மதிப்பூதியம் நகராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் வர வேண்டும், மன்றத் தலைவரின் விருப்ப நிதியில் அல்ல. சங்க நிருவாகக் குழுவில் நூலகரும், கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சங்கச் செயலாளரும் பதவி வழி உறுப்பினராக இருக்க வேண்டும். தேர்தல் ஆண்டில் வாசிப்புக்கூடத்தைக் கட்சிக் கூட்டத்துக்கு விடுவதில்லை என்ற விதியை, கேட்பவர் யாராக இருந்தாலும் மறுக்க வசதியாக, எழுத்தில் வைத்து நுழைவாசலில் ஒட்டிவிடுவது நல்லது.